உங்கள் கவுண்டிக்கு எவ்வளவு ஆபத்து? பேரிடர் இடர் மதிப்பீடு ஓர் எளிய அறிமுகம்

2021 ஜூன் 28 அன்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் வெயில் 116 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. செல்சியஸில் ஏறக்குறைய 47. அரிசோனாவின் பீனிக்ஸில் ஜூலை மாதம் 116 அடித்தால் உள்ளூர்ச் செய்தியில் ஓர் ஓரமாக வரும், அவ்வளவுதான். போர்ட்லண்டிலோ அதுவரை பதிவான உச்சமே 107தான். அந்த நகரம் இருக்கும் மல்ட்னோமா கவுண்டியில் (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அந்த வெப்ப அலைக்கு 60 பேருக்கு மேல் பலியானார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், தனியாக வசித்தவர்கள், வீட்டில் ஏசி இல்லாதவர்கள்.

வெயில் ஒன்றுதான், ஊர்தான் வேறு. பேரிடர் இடர் மதிப்பீடு என்று பெரிய பெயரில் சொல்வதெல்லாம் இந்த வேறுபாட்டைக் கணக்கில் பிடிக்கும் முயற்சிதான். அதற்காக பீனிக்ஸுக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 2023இல் அங்கே தொடர்ந்து 31 நாள் 110 டிகிரிக்குக் குறையாமல் வெயில் அடித்தது. அந்த ஆண்டு பீனிக்ஸ் இருக்கும் மரிகோபா கவுண்டியில் வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். அவர்களில் கணிசமானோர் வீடில்லாமல் தெருவில் வாழ்ந்தவர்கள். வெயிலுக்குப் பழகிய ஊரிலும் எல்லோருக்கும் ஒரே வெயில் இல்லை.

அமெரிக்காவில் வீடு வாங்கப் போகிறவர்கள் பள்ளிக்கூட மதிப்பெண் பார்ப்பார்கள், அலுவலகத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்பார்கள், சொத்து வரி பார்ப்பார்கள். இப்போது வெள்ளம், காட்டுத்தீ என்று ஏதோ ஒரு மதிப்பெண்ணும் கூடவே கண்ணில் படுகிறது. 'ஓரளவு அதிகம்' என்று போட்டிருந்தால் பயப்படுவதா, கடந்து போவதா என்று தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது, எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில், ஏன் கவுண்டி? நாட்டில் சுமார் 3,100 கவுண்டிகள் இருக்கின்றன. லூசியானாவில் இதையே பாரிஷ் என்பார்கள், அலாஸ்காவில் பரோ. பேரிடர் வந்தால் அவசரநிலை அறிவிப்பது, ஊரைக் காலி செய்யச் சொல்வது, பிறகு இழப்பைக் கணக்கெடுப்பது என எல்லாமே பெரும்பாலும் கவுண்டி அளவில்தான் நடக்கும். மத்திய அரசின் பேரிடர் நிவாரணம்கூட இன்னின்ன கவுண்டிகளுக்கு என்று பெயர் குறிப்பிட்டுத்தான் வரும். ஆகவே தரவுகளும் கவுண்டிவாரியாகவே சேர்ந்து கிடக்கின்றன. வசதி அதுதான். சிக்கலும் அதுதான், அதைப் பின்னால் பார்ப்போம்.

மூன்று கேள்விகள்

இடர் மதிப்பீட்டைப் பிரித்துப் போட்டால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கும்.

இங்கே என்னென்ன சீற்றம் வரும், எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு பலமாக? புயல், நிலநடுக்கம், ஆலங்கட்டி மழை, பனிப்புயல் எதுவானாலும் இது முதல் கேள்வி. அது வரும் வழியில் என்ன இருக்கிறது? வீடுகள், மக்கள், பயிர், பாலம், மருத்துவமனை. இது இரண்டாவது. ஆள் நடமாட்டமே இல்லாத பாலைவனத்தில் 7 ரிக்டரில் பூமி ஆடினால் அது நிலவியல் செய்தி, பேரிடர் இல்லை. மூன்றாவது, இருப்பவை அடியைத் தாங்குமா? கட்டடம் எந்தக் காலத்து விதிப்படி கட்டியது, அங்கே இருப்பவர்களிடம் கார் இருக்கிறதா, எச்சரிக்கை அவர்களுக்குப் புரியும் மொழியில் வருகிறதா, விழுந்தால் எழுந்திருக்கக் கையில் காசு இருக்கிறதா என்பதெல்லாம் இதற்குள் அடங்கும்.

மக்கள் பேச்சில் முதல் கேள்விதான் அதிகம் அடிபடும். கலிஃபோர்னியா என்றால் நிலநடுக்கம், ஃபுளோரிடா என்றால் புயல். என்னைக் கேட்டால், உயிர்ச்சேதத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மூன்றாவது கேள்விதான். 2018 நவம்பரில் கலிஃபோர்னியாவின் பியூட் கவுண்டியில் பாரடைஸ் என்ற ஊரைக் காட்டுத்தீ விழுங்கியது. 85 பேர் இறந்தார்கள். காய்ந்த காடும் காற்றும் முதல் கேள்விக்கான பதில். மேட்டின் மேல் நெருக்கமாக வீடுகள் இருந்தது இரண்டாவதற்கான பதில். இறந்தவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள் என்பதும், ஊரைவிட்டு இறங்க இருந்த சில சாலைகளும் அடைபட்டுப் போனதும் மூன்றாவதற்கான பதில். எளிதாக நடக்கவோ வண்டி ஓட்டவோ முடியாத ஒருவருக்கு, சாலை அடைபட்ட பிறகு வரும் எச்சரிக்கையால் பயன் இல்லை.

வரலாறு எவ்வளவு பின்னால் போகிறது?

முதல் கேள்விக்குப் பதில் தேட, நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்க வானிலைத் துறை ஒரு புயல் நிகழ்வுத் தரவுத்தளம் வைத்திருக்கிறது, இலவசம். கவுண்டி பெயரைக் கொடுத்தால் சூறாவளி, ஆலங்கட்டி, திடீர் வெள்ளம், வெப்பம் என்று தேதி வாரியாக, இறப்பும் சேதமும் சேர்த்துக் கொட்டும். டொர்னேடோ எனும் சுழல்காற்றின் பதிவுகள் 1950இலிருந்து இருக்கின்றன. மற்ற எல்லா வகைகளும் முழுமையாக வருவது 1996இலிருந்துதான்.

இந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை தேவை. சிறிய டொர்னேடோக்களின் எண்ணிக்கை 1990களுக்குப் பிறகு கூடியதுபோலத் தெரியும். காற்றின் சுழற்சியைக் காட்டும் டாப்ளர் ரேடார் வந்தது, ஊர் விரிந்தது, பார்க்க ஆள் கூடியது, பதிவும் கூடியது. வயல்வெளியில் யாரும் காணாமல் அடித்துவிட்டுப் போன காற்று எந்தக் கணக்கிலும் இல்லை.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. 30 ஆண்டுப் பதிவை வைத்துக்கொண்டு 200 ஆண்டுக்கு ஒருமுறை வருவதை எப்படிக் கணிப்பது? வட கரோலினாவின் பங்கம் கவுண்டியில் இருக்கும் ஆஷ்வில் நகரம் கடலிலிருந்து வெகு தொலைவில் மலைமேல் இருக்கிறது. பருவநிலை மாற்றத்துக்குத் தப்பித்து ஒதுங்கத் தோதான ஊர் என்று அதைச் சொன்னவர்கள் உண்டு. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் மழை அங்கே கொட்டித் தீர்த்தது. பிரெஞ்சு பிராட் ஆறு 1916 வெள்ளத்தின் பதிவையும் தாண்டியது. வெள்ளக் காப்பீடு வைத்திருந்த வீடுகள் மிகச் சொற்பம். கவனியுங்கள், 1916இல் ஏற்கெனவே அந்த ஊர் மூழ்கியிருக்கிறது. ஊர் நூலகத்தில் படங்கள் இருக்கும், பழைய செய்தித்தாளில் இருக்கும். சமீபத்திய பதிவை மட்டும் பார்ப்பவருக்கு அது கண்ணில் படாது.

சில நேரம் எழுத்துப் பதிவே இருக்காது. வாஷிங்டன் மாநிலத்தின் கிரேஸ் ஹார்பர் கவுண்டியில் கோபாலிஸ் என்றொரு ஆறு பசிபிக் கடலில் கலக்கிறது. அதன் கரையில் உப்பு நீர் ஏறும் சதுப்பில், செத்துப்போன தேவதாரு மரங்கள் சாம்பல் நிறத்தில் இன்னும் நிற்கின்றன. பேய்க்காடு என்றே பெயர். உப்பு நீரில் அந்த மரம் முளைக்காது. ஆக, அவை முளைத்தபோது அந்த நிலம் உயரமாக இருந்திருக்க வேண்டும். பிறகு ஒரேயடியாகத் தாழ்ந்திருக்க வேண்டும். அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் பிரையன் அட்வாட்டரும் மற்றவர்களும் அந்தக் கரையோரத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். புதைந்த மண்ணுக்கு மேலே சுனாமி கொண்டுவந்து போட்ட மணல் படுகை இருந்தது. மர வேர்களின் வளையங்களை எண்ணியதில், மரங்கள் இறந்தது 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் என்று தெரிந்தது. ஜப்பானிலோ, 1700 ஜனவரியில் நிலநடுக்கம் எதுவும் உணரப்படாமல் திடீரென்று ஒரு சுனாமி வந்து கிராமங்களை அடித்துப் போனதாகக் குறிப்புகள் இருந்தன. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, 1700 ஜனவரி 26 இரவு வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சுமார் 9 அளவில் பூமி ஆடியது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இது வெறும் ஆராய்ச்சியாக நின்றுவிடவில்லை. அதே கவுண்டியில் வெஸ்ட்போர்ட் ஊரின் ஒகோஸ்டா தொடக்கப் பள்ளியை 2016இல் புதிதாகக் கட்டி முடித்தபோது, சுனாமி வந்தால் ஆயிரம் பேருக்கு மேல் ஏறி நிற்கும்படி ஜிம் கூரையை அமைத்தார்கள். கடலோரத் தாழ்வான நிலம், ஓடிப் போய் ஏறுவதற்கு மேடு கிடையாது. அமெரிக்காவில் அந்த வகைக் கட்டடங்களில் அதுதான் முதலாவது. ஓர் உள்ளூர் இடர் மதிப்பீடு இப்படிக் கூரையாக மாறியதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

'நூறாண்டு வெள்ளம்' என்றால்

இந்தத் துறையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொற்றொடர் இதுதான். நூறாண்டு வெள்ளம் போன வருஷம் வந்துவிட்டது, இனி நம் காலத்தில் வராது என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் அந்த அளவு வெள்ளம் வர 100இல் 1 வாய்ப்பு என்பதுதான் பொருள். ஒரு பையில் 99 வெள்ளைக் கோலிகளும் ஒரு கறுப்புக் கோலியும் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை கையை விட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள்ளேயே போடுகிறீர்கள். போன ஆண்டு கறுப்பு வந்ததா இல்லையா என்பது பைக்குத் தெரியாது.

30 ஆண்டு வீட்டுக் கடன் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வராமலிருக்க 0.99 வாய்ப்பு. அதை 30 முறை பெருக்கினால் 0.74. மீதி 26 சதவீதம். கடன் முடிவதற்குள் குறைந்தது ஒருமுறையாவது அந்த வெள்ளம் வர நாலில் ஒரு பங்குக்குமேல் வாய்ப்பு. 1 சதவீதம் என்று கேட்கும்போது அலட்சியமாக இருந்தது இப்போது அப்படி இல்லைதானே?

போதாததற்குப் பைக்குள் எத்தனை கறுப்புக் கோலி என்பதும் நிரந்தரமில்லை. டெக்சாஸின் ஹூஸ்டன் பகுதியில், 24 மணி நேரத்தில் 13 அங்குலம் பெய்தால் அது நூறாண்டு மழை என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். புதிய மழைத் தரவுகளையும் சேர்த்து 2018இல் திருத்தியபோது அந்த எண் சுமார் 18 அங்குலமாக ஏறியது. பழைய நூறாண்டு மழை 25 ஆண்டு மழையாகிவிட்டது. பழைய எண்ணை நம்பிக் கட்டிய வடிகாலும் பாலமும் வீடும் அப்படியே இருக்கின்றன.

பழைய எண் போதாது என்பது அதைத் திருத்துவதற்கு முந்தைய ஆண்டே கொடூரமாகத் தெரிந்துவிட்டது. 2017இல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் 1,54,000 வீடுகளுக்கு மேல் வெள்ளம் புகுந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, அரசு வரைபடத்தில் நூறாண்டு வெள்ளப் பகுதி என்று குறித்த கோட்டுக்கு வெளியே இருந்தவை.

எண்ணாக மாற்றுவது

பேரிடர் மேலாண்மைக்கான மத்திய அமைப்பான ஃபீமா, தேசிய இடர் குறியீடு என்று ஒன்றைத் தயாரித்திருக்கிறது. பனிச்சரிவிலிருந்து எரிமலை வரை 18 வகைச் சீற்றங்களுக்கு ஒவ்வொரு கவுண்டிக்கும் மதிப்பெண் உண்டு. இணையத்தில் நீங்கள் பார்க்கும் கவுண்டி மதிப்பெண்கள் பலவற்றுக்கு மூலம் இதுதான். இதன் இதயம் 'ஆண்டுக்கு எதிர்பார்க்கும் இழப்பு' என்ற கணக்கு. பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே வெறும் பெருக்கல்தான்.

கற்பனையாக ஒரு கவுண்டி. ஆற்றங்கரையில் 200 கோடி டாலர் மதிப்புள்ள வீடுகள். சராசரியாக 50 ஆண்டுக்கு ஒருமுறை பெரிய வெள்ளம். வந்தால் மதிப்பில் 10 சதவீதம் போகும். 200 கோடியை 50ஆல் வகுத்தால் 4 கோடி, அதில் 10 சதவீதம் 40 லட்சம் டாலர். அதுதான் ஆண்டுக்கு எதிர்பார்க்கும் இழப்பு. எந்த ஆண்டும் சரியாக 40 லட்சம் போகாது என்பதை நினைவில் வையுங்கள். 49 ஆண்டு ஒன்றும் போகாது, ஓர் ஆண்டு 20 கோடி போகும். சராசரி என்பது இந்த இரண்டையும் ஒன்றாக அரைத்துக் கொடுப்பது. கவுண்டி பட்ஜெட் போடுபவருக்கு அது உதவும். அந்த ஓர் ஆண்டில் அங்கே குடியிருப்பவருக்கு அல்ல.

இப்போது பக்கத்துக் கவுண்டியைப் பாருங்கள். ஆற்றங்கரையில் மொபைல் ஹோம்கள் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடுகள்) மட்டும், மொத்த மதிப்பு 5 கோடி டாலர். வெள்ளம் அதே 50 ஆண்டுக்கு ஒருமுறைதான், ஆனால் வீடுகள் பலவீனமானவை, 40 சதவீதம் போகும். கணக்கு 4 லட்சம் டாலர். முதல் கவுண்டியில் பத்தில் ஒரு பங்கு. காகிதத்தில் இது ஆபத்து குறைந்த இடம். ஆனால் இங்கே வெள்ளம் வந்தால் ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் கிட்டத்தட்டப் பாதியை இழக்கும், காப்பீடும் பெரும்பாலும் இருக்காது. டாலரில் மட்டும் அளந்தால் ஏழைகளின் ஆபத்து சிறியதாகவே தெரியும். இது கணக்கின் பிழை இல்லை, கணக்கு எதை எண்ணுகிறதோ அதன் இயல்பு.

ஃபீமாவுக்கும் இது தெரியும். அதனால் இழப்புக் கணக்கோடு இரண்டைச் சேர்க்கிறார்கள். மக்களின் நலிவு, அதாவது வறுமை, முதுமை, ஊனம், வாகனம் இல்லாமை போன்றவை கூடினால் இடர் கூடும். சமூகத்தின் மீளும் திறன் கூடினால் இடர் குறையும். மனித உயிருக்கும் டாலர் கணக்குண்டு. 2023 பதிப்பில் ஓர் உயிருக்கு 1 கோடியே 16 லட்சம் டாலர் என்று வைத்தார்கள். படிக்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் உயிருக்கு மதிப்புப் போடாமல் விட்டால், கட்டடத்தைத் தொடாமல் ஆளை மட்டும் கொல்லும் வெப்ப அலை கணக்கில் கிட்டத்தட்ட பூஜ்யமாகிவிடும்.

இந்தக் குறியீட்டில் நாட்டிலேயே மேலே வந்த கவுண்டி லாஸ் ஏஞ்சலஸ். சீற்றங்கள் பல என்பது ஒரு காரணம். ஒரு கோடிக்குக் கிட்டத்தட்ட மக்களும் அத்தனை சொத்தும் ஒரே கவுண்டிக்குள் இருப்பது இன்னொரு காரணம். பெரிய கவுண்டி என்றால் மொத்த இழப்பும் பெரிதாகத்தான் வரும். அங்கே ஒரு தனி வீட்டுக்கு உள்ள ஆபத்து அதே அளவு பெரிது என்று அர்த்தமில்லை. இன்னொன்று, மதிப்பெண் 0இலிருந்து 100 வரை போவதால் 90 என்றால் 90 சதவீதம் பேரிடர் வரும் என்று படிக்கக் கூடாது. நாட்டின் 90 சதவீதக் கவுண்டிகளைவிட இங்கே கணக்கிட்ட இடர் அதிகம், அவ்வளவுதான். இது தரவரிசை.

ஒரு கவுண்டிக்குள் எத்தனை ஊர்

கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுண்டியின் பரப்பு 20,000 சதுர மைலுக்கு மேல். நியூ ஜெர்சி மாதிரி இரண்டு மாநிலங்களை உள்ளே வைத்துவிடலாம். ஒரு மூலையில் நெரிசலான நகரங்கள், நடுவில் பைன் காட்டு மலைகள், மிச்சமெல்லாம் பாலைவனம். இதற்கு ஒரே காட்டுத்தீ மதிப்பெண் என்றால் அது யாருடைய மதிப்பெண்? ஆகவே கவுண்டி எண் தொடக்கம் மட்டுமே. ஃபீமா குறியீட்டிலேயே கவுண்டிக்குள் இன்னும் சிறிய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதிவாரியாகப் பார்க்கலாம், முதலில் அங்கே இறங்குங்கள்.

அதற்கும் கீழே, வெள்ளம் என்றால் ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் வீட்டு முகவரியைக் கொடுத்துப் பார்க்க முடியும். ஏ, வி என்ற எழுத்தில் தொடங்கும் மண்டலம் என்றால் நூறாண்டு வெள்ளப் பகுதி. வி என்றால் கூடவே கடல் அலையின் அடியும் உண்டு. அரசு ஆதரவுள்ள வீட்டுக் கடன் வாங்கினால் அங்கே வெள்ளக் காப்பீடு கட்டாயம். எக்ஸ் என்று இருந்தால் கட்டாயமில்லை. கட்டாயமில்லை என்பதைத் 'தண்ணீர் வராது' என்று படிப்பதுதான் பெரிய தவறு, ஹாரிஸ் கவுண்டியில் மூழ்கிய வீடுகளை இன்னொரு முறை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த வரைபடங்கள் ஆறும் கடலும் பொங்குவதைத்தான் முக்கியமாகக் காட்டும். வடிகால் திணறித் தெருவில் நிற்கும் மழைத் தண்ணீரை அவை பெரும்பாலும் காட்டாது.

நிலநடுக்கத்துக்கு மண்ணே முக்கியம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்கே ஆலமீடா கவுண்டியில், ஹேவர்ட், ஃபிரீமாண்ட் ஊர்களின் ஊடாக ஹேவர்ட் நிலப்பிளவு ஓடுகிறது. கடைசியாக அது பெரிதாகக் குலுங்கியது 1868இல். இடைப்பட்ட காலத்தில் சும்மாவும் இல்லை, சில பகுதிகளில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. ஹேவர்டில் ரோஸ் தெருவும் பிராஸ்பெக்ட் தெருவும் சந்திக்கும் முனையில் நடைபாதை விளிம்புக் கல் இரண்டாக விலகிப் போயிருந்தது. நிலவியலாளர்கள் பல ஆண்டுகளாக அதைப் படமெடுத்து, விலகல் எவ்வளவு கூடியிருக்கிறது என்று ஒப்பிட்டு வந்தார்கள். 2016இல் நகராட்சி விஷயம் தெரியாமல் அதைப் பெயர்த்துச் சரி செய்துவிட்டது. பாவம், அவர்கள் வேலையைத்தான் செய்தார்கள். கலிஃபோர்னியாவில் வீடு விற்பவர், வீடு இத்தகைய பிளவு மண்டலத்திலோ வெள்ளப் பகுதியிலோ தீ அபாய மண்டலத்திலோ இருந்தால் அதை எழுத்தில் சொல்லியாக வேண்டும். கையெழுத்துப் போடும் காகிதக் கட்டில் அது ஒரு தாளாக இருக்கும், பலர் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஒன்று இன்னொன்றை இழுத்துவரும்

18 சீற்றங்களுக்கு 18 தனித்தனிக் கணக்கு என்பதில் ஓர் ஓட்டை உண்டு. 2017 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் தெற்கே தாமஸ் காட்டுத்தீ சான்டா பார்பரா கவுண்டியின் மலைச்சரிவுகளை எரித்தது. செடி கொடி போய்விட்டது. வெந்த மண் தண்ணீரை உறிஞ்சாது. 2018 ஜனவரி 9 அதிகாலை கொட்டிய மழை சேற்றையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு மான்டசீட்டோ ஊருக்குள் இறங்கியது. 23 பேர் இறந்தார்கள். தீயின் கணக்கைத் தனியாகவும் மழையின் கணக்கைத் தனியாகவும் போட்டால் இந்தச் சங்கிலி தெரியாது. உங்கள் கவுண்டியில் போன ஆண்டு எரிந்த மலை எது, அதன் கீழே யார் வீடு என்ற கேள்வியை எந்த ஆண்டுச் சராசரியும் கேட்காது, நாமேதான் கேட்க வேண்டும்.

காப்பீடு பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளமும் நிலநடுக்கமும் சேராது, இரண்டுக்கும் தனிப் பாலிசி வேண்டும். அரசின் வெள்ளக் காப்பீடு எடுத்தாலும் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். வானிலை அறிக்கையில் புயல் பெயர் வந்த பிறகு வாங்கிப் பயனில்லை. டெக்சாஸின் காலின் கவுண்டி போல ஆலங்கட்டி அடிக்கும் இடங்களில் இன்னொரு நுணுக்கம்: ஆலங்கட்டிக்கும் காற்றுக்கும் நாம் முதலில் கட்ட வேண்டிய பங்கைப் பல பாலிசிகள் வீட்டு மதிப்பின் சதவீதமாக வைத்திருக்கும். 5 லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்த வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 10,000 டாலர் நம் கையிலிருந்து. கூரை மாற்றும் செலவில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

கவுண்டி என்ன திட்டம் வைத்திருக்கிறது?

2000ஆம் ஆண்டு வந்த பேரிடர் தணிப்புச் சட்டப்படி, ஃபீமாவின் தணிப்பு மானியங்கள் சிலவற்றைப் பெற வேண்டுமென்றால் உள்ளாட்சிகள் ஒரு தணிப்புத் திட்டம் எழுதி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெரும்பாலான கவுண்டிகளில் இருக்கிறது. கவுண்டி பெயரோடு 'ஹசார்ட் மிட்டிகேஷன் பிளான்' என்று தேடினால் கிடைக்கும். சில நூறு பக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம், முழுவதும் படிக்கத் தேவையில்லை.

சீற்றங்களை வரிசைப்படுத்தும் அட்டவணையை முதலில் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றின் உள்ளூர் வரலாறு. எந்தச் சாலை எந்த ஆண்டு மூழ்கியது, எந்தத் தீயணைப்பு நிலையமும் மருத்துவமனையும் வெள்ளப் பகுதிக்குள்ளேயே இருக்கின்றன, அணை உடைந்தால் தண்ணீர் எதுவரை போகும் என்பவையெல்லாம் தேசியக் குறியீட்டில் இல்லாத செய்திகள். இங்கேதான் இருக்கும். சில திட்டங்களில் அணை விவரத்தைப் பாதுகாப்புக் கருதி மறைத்திருப்பார்கள், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் புரட்டுவது கடைசிப் பகுதியை. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அங்கே இருக்கும்: எந்தப் பாலத்தை உயர்த்துவது, எங்கே எச்சரிக்கை சைரன் வைப்பது, எந்த வீடுகளை அரசே வாங்கி இடித்து நிலத்தை ஆற்றுக்கே விட்டுவிடுவது. ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான துறை, உத்தேசச் செலவு, இப்போதைய நிலை. முந்தைய பதிப்பைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'நிதி இல்லை, ஒத்திவைக்கப்பட்டது' என்று ஒரே வேலை இரண்டு பதிப்பிலும் தொடர்ந்து வந்தால், அந்த ஆபத்து கவுண்டிக்குத் தெரிந்தும் அப்படியே கிடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். அதை எந்த மதிப்பெண்ணும் உங்களுக்குச் சொல்லாது.

திட்டத்தைப் புதுப்பிக்கும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்பது விதி. உங்கள் தெருமுனையில் ஒவ்வொரு பெருமழைக்கும் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கிறது என்ற தகவல் பெரும்பாலும் அவர்களிடம் இருக்காது, தேதி போட்ட புகைப்படத்தோடு அனுப்பினால் எடுத்துக்கொள்வார்கள். கருத்துக் கேட்கும் அறிவிப்பு கவுண்டியின் இணையதளத்தில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும், சில வாரங்களில் மூடிவிடும். திட்டத்தின் முன்பக்கத்தில் ஒப்புதல் தேதி இருக்கும். அதிலிருந்து 5 ஆண்டு எண்ணினால் காலாவதி. அதற்கு ஓராண்டு முன்பிருந்தே அந்த மூலையில் ஒரு கண் வைத்திருந்தால் போதும்.